யானைக்காது இலையில் மூன்று புள்ளிகள்

சின்னவள் "போகலாமே" என்று சொன்னபோது அண்ணியின் கையிலிருந்த கம்பி தப்பான பக்கம் வளைந்துவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மறுபடி மேசைக்கு வந்திருந்த நேரம். தூசி அப்போதுதான் படியேறி வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, ஊர்க்கதையை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். தூசி என்பது அவருடைய தொழிலிலிருந்து வந்த பெயர். வங்கிகளிலும் ஓட்டல் வாசல்களிலும் பல் டாக்டர் அறைகளிலும் நிற்கும் துணிச்செடிகளை மாதம் ஒருமுறை போய்த் துடைத்து, நிமிர்த்தி, கழன்ற இலையை ஒட்டிவிட்டு வருவார். அந்தச் செடிகள் எல்லாம் இந்தப் பட்டறையில் பிறந்தவை. கீழே டயர் கடை, நடுவில் பட்டறை, அதற்கு மேலே வீடு. அண்ணன் மெஷினில் அச்சு வைத்துத் துணியை இலையாக வெட்டுவான். அவன் மனைவி அண்ணி இலைக்குக் கம்பி வைத்துச் சூடு காட்டி நரம்பு எடுப்பாள். அண்ணனின் தங்கை சின்னவள் வர்ணம் பூசுவாள்.

சின்னவள் அவளை அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். டயர் கடைக்காரருக்கு அண்ணி. தன்னைவிட ரொம்ப மூத்தவரான தூசிக்கும் அண்ணி. கட்டிய கணவனே கூட்டத்தில் அவளைத் தொலைத்தால் "அண்ணி" என்றுதான் கத்துவான் என்று தூசி கேலி செய்வார்.

"நேத்து சாயங்காலம் பேங்க்ல வேலைய முடிச்சிட்டு வெளிய வந்தேனா, அவசரம்" என்றார் தூசி. "எதிர்ல பார்த்தா அந்தப் பெரிய தோட்டம். பொட்டானிக்கல் கார்டன். உள்ள பாத்ரூம் இருக்குமேன்னு நுழைஞ்சேன். வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். எவ்வளவுப்பான்னு கேட்டா, ஒண்ணும் வேணாம், போங்கன்னுட்டான்."

"பாத்ரூமுக்கா, தோட்டத்துக்கா?" என்றான் அண்ணன், மெஷினிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"ரெண்டுக்கும்தான்."

"சும்மா விடறான்னா உள்ள ஏதோ இருக்கு. வெளிய வரும்போது புடிப்பான்."

"வெளிய வந்துதானேய்யா இங்க உக்காந்து உன்கிட்ட பேசிட்டிருக்கேன்." தூசி அண்ணனை விட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். "விஷயம் அது இல்ல. அங்க ஒரு கண்ணாடி வீடு இருக்கு. மூடற நேரமாம், உள்ள விடல. வெளிய இருந்து எட்டிப் பார்க்கிறேன், ஆள் உயரத்துக்கு நிக்குது. நம்ம யானைக்காது."

சின்னவளின் பிரஷ் நின்றது.

"நிஜச் செடியா?"

"பின்ன, தோட்டத்துல துணியா நட்டு வெப்பாங்க?"

"புள்ளி இருந்துச்சா?"

"கண்ணாடி பூரா வேர்த்துக் கிடக்கு தங்கச்சி. இலையே மங்கலாத்தான் தெரிஞ்சுது. புள்ளிக்கு எங்க போறது."

சின்னவள் பிரஷைத் தண்ணீரில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கடைக்குப் போய் உப்பு வாங்கி வரலாம் என்று சொல்வதைப் போல, "போகலாமே அண்ணி, ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றாள்.

மெஷின் நின்றது. தூசி வாயைத் திறந்தபடியே இருந்தார். கம்பி வளைந்தது அப்போதுதான்.

சின்னவள் வெளியே போவதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவள் கணவன் இன்னொருத்தியோடு குடித்தனம் போனான். வேறு ஊருக்கு ஓடியிருந்தால்கூடத் தேவலை. இதே ஊரில், இதே பேருந்து போகும் தெருவில் வீடு பிடித்தான். எந்த முனையில் எதிரே வருவானோ என்று சின்னவள் முதலில் கடைத்தெருவை விட்டாள். பிறகு பேருந்தை விட்டாள். பிறகு தெருவையே விட்டாள். மேலே வீடு, கீழே பட்டறை, நடுவில் படிக்கட்டு. அதுதான் அவளுக்கு ஊர். டாக்டரிடம் போக வேண்டி வந்தபோதுகூடக் காய்ச்சல் தானே இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

ஆனால் அவள் போகாத இடமெல்லாம் அவள் இலைகள் போயின. தூசி வந்து சொல்வார்: "கண் ஆஸ்பத்திரியில உன் யானைக்காது பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து, அதுகிட்ட அழுதுட்டிருந்துச்சு." "லிஃப்ட் பக்கத்துல நிக்கிறதை ஒருத்தன் கிள்ளிப் பார்த்திருக்கான், நகத் தடம் இருக்கு." அவள் பிரஷை ஓட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். நிஜமோ என்று கிள்ளிப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்ட அன்று ராத்திரி ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பட்டறைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே அந்த யானைக்காதுதான். மேசைக்கு மேலே சுவரில், சட்டம் போட்டு, பழைய காலண்டர் தாள் ஒன்று மாட்டியிருக்கும். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பெரிய இலை. பட்டறை தொடங்கிய காலத்தில் அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்தது. அந்த இலையில், நடு நரம்புக்கு வலப்பக்கம், பழுப்பு நிறத்தில் மூன்று புள்ளிகள். பெரிது, நடுத்தரம், சிறிது. ஒவ்வொன்றும் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகக் கறுத்திருக்கும். மற்றவர்கள் வெறும் பச்சையை அப்பிக்கொண்டிருந்த காலத்தில், சின்னவள் அந்தப் புள்ளியைப் பிடிப்பதற்காக வாரக்கணக்கில் துணியை வீணாக்கினாள். பிடித்தும் விட்டாள். ஓரம் கறுத்து உள்ளே வெளிறும் அந்தப் பழுப்பை எப்படிக் கொண்டுவருகிறாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஓட்டல்காரர் ஒருவர் கண்ணருகே இலையைப் பிடித்து, "இந்தப் புள்ளி இருக்கே, இதுதான் உயிர்" என்றார். அடுத்த வருடம் ஊரிலிருந்த மற்ற பட்டறைக்காரர்களும் யானைக்காதுக்கு மூன்று புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். கோணலும் மாணலுமாக.

போன மாதம், மின்விசிறியைத் துடைக்க அண்ணன் ஏணி போட்டபோது, ஏணிக்கால் இடித்துச் சட்டம் விழுந்து உடைந்தது. சின்னவள் மேலே குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டுத் தாளை வெளியே எடுத்தாள். இத்தனை வருடமும் மரச்சட்டத்துக்குள் மறைந்திருந்த வெள்ளை ஓரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அந்த வெள்ளை ஓரத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள் இருந்தன. மூன்றாவதைவிடச் சிறியதாக ஒன்று, அதைவிடச் சிறியதாக இன்னொன்று. இலையில் தொடங்கிய வரிசை அப்படியே கோடு பிடித்தாற்போல இலையைத் தாண்டி, கறுப்பைத் தாண்டி, வெள்ளைத் தாளில் இறங்கிப் போயிருந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். காலையில் டீ டம்ளர் வைத்த இடத்தில், வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் கறுத்து.

யாரோ எப்போதோ டீ குடித்துக்கொண்டே அந்தக் காலண்டரைக் கடந்து போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மாடிப்படியில் சின்னவளின் காலடி கேட்டது. அண்ணி யோசிக்கவில்லை. கத்திரியை எடுத்து வெள்ளை ஓரத்தை நாலு பக்கமும் நறுக்கி, துணிக் கழிவோடு சேர்த்துக் கூடையில் போட்டாள். புதுச் சட்டம் வந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. அண்ணிக்கு மட்டும் அன்றிலிருந்து டீ சரியாக இறங்கவில்லை.

இப்போது சின்னவள் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்கிறாள். இத்தனை நாளாக அண்ணி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள்: கடைவரை வா, முனைவரை வா, கீழே டயர் கடைவரைக்குமாவது வா. ஒன்றுக்கும் அசையாதவள், கடைசியில் தானாக ஓரிடம் கேட்கிறாள். அதுவும் எந்த இடம்? உலகத்தில் அவள் போகவே கூடாத ஒரே இடம்.

"ஞாயித்துக்கிழமை வெயில் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள் அண்ணி.

"தொப்பி போட்டுக்கறேன்."

"பஸ்ல கூட்டமா இருக்கும்."

"நின்னுட்டு வரேன்."

"தோட்டம்னா பூச்சி, கொசு எல்லாம் இருக்கும்."

"எனக்கு வெளியில எதைப் பார்த்தா பயம்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி? கொசு அந்த லிஸ்டுலயே இல்ல."

தூசி சிரித்தார். அண்ணி வேறு வழியில்லாமல் கணவன் பக்கம் சாய்ந்தாள். "அவர் சொல்றதும் சரிதான். சும்மா விடற இடம்னா கொஞ்சம் யோசிக்கணும்."

அண்ணன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து 'அவர் சொல்வதும் சரிதான்' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. "உனக்கு உடம்புக்கு என்ன?" என்றான்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி காயப்போடும்போது அவனிடம் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக்கூடாது."

"நான் எப்ப கத்தினேன்?"

"இப்பவே சத்தமாத்தான் கேக்கறீங்க."

சொல்லி முடித்தாள். அவன் கையில் ஈரத் தலையணை உறை பிழியாமலே இருந்தது. தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ இத்தனை வருஷமா நாம ஊருக்கெல்லாம் டீயையா வித்துட்டிருந்தோம்?"

"மெதுவா."

"சர்க்கரை போட்டதா, போடாததா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். உறையை உதறிக் கொடியில் போட்டான். "இங்க பாரு. அவகிட்ட இதைச் சொல்லாத. நேர்ல பார்த்து ஏன் புள்ளி இல்லன்னு கேட்டா, இது வேற ரகம்னு சொல்லிடு. செடியில ஆயிரம் ரகம் இருக்கும். எவன் போய்ச் சரிபார்க்கப் போறான்."

"அவ பார்ப்பா."

"அப்போ போகவே வேணாம். நான் முதல்லயே சொன்னேன்."

"போகாதன்னு சொன்னா இனிமே அவ எங்கயும் போகமாட்டா."

"அப்போ போங்க."

"போனா தெரிஞ்சிடும்."

அண்ணன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டான். "நீ கேள்வியையும் உன்கிட்டயே வெச்சிருக்க, பதிலையும் உன்கிட்டயே வெச்சிருக்க. நடுவுல என்னை எதுக்கு நனைய விடற?"

வேறு ரகம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் அண்ணியும் முதலில் நினைத்தாள். படியிறங்கும்போது அந்த வாக்கியத்தை வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அண்ணன் சரக்கு இறக்கக் கிளம்பியிருந்தான். சின்னவள் காலையிலிருந்தே மேலேயும் கீழேயும் நடந்துகொண்டிருந்தாள். நீல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். அடைந்து கிடந்த வெளிச் செருப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டினாள். வார் இறுகிப்போயிருந்தது; எண்ணெய் தொட்டு நீவினாள். பிறகு பட்டறைக்கு வந்து, முடித்து வைத்த யானைக்காது இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிடிக்காததைத் தள்ளிவைத்தாள். கடைசியில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

"அது எதுக்கு?" என்றாள் அண்ணி.

"பக்கத்துல வெச்சுப் பார்க்கணும் அண்ணி. நிஜத்துக்குப் பக்கத்துல. எங்க கை தப்புதுன்னு தெரியுமில்ல." நூலைச் சுற்றிக்கொண்டே, வெட்கப்பட்டவள்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த ரெண்டாவது புள்ளி எனக்கு என்னிக்குமே சரியா வந்ததில்ல. ஊரே மெச்சுது, எனக்குத்தானே தெரியும். செடியில எப்படித்தான் வருதுன்னு நேர்ல ஒருதடவை பார்த்துட்டா புடிச்சிடுவேன்."

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அண்ணியின் வாயிலேயே செத்துப்போனது. அந்த இரண்டாவது புள்ளியை மனசில் வைத்துக்கொண்டு, பொய்யான ரகத்தின் நிஜப் புள்ளியைத் தேடி இவள் கண்ணாடி வீடு முழுக்க அலைவதை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை.

எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு டம்ளர். ஒன்றைச் சின்னவள் முன்னால் வைத்தாள். அச்சுக்கு அளவு பார்க்கிற வெள்ளை அட்டை ஒன்றை மேசையில் போட்டாள். தன் டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் டீயை எடுத்து, அட்டைக்கு மேலே பிடித்து, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே சாய்த்தாள்.

"அண்ணி, சிந்துது."

"தெரியும்."

"அட்டை போச்சு."

"போகட்டும். உக்காரு. காயட்டும்."

சின்னவள் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் மெஷின் உறுமி, நின்று, மறுபடி உறுமியது. அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று சின்னவள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். ஐந்து சொட்டு. பெரிது, நடுத்தரம், சிறிது, அதைவிடச் சிறிது, கடைசியில் ஒரு துளி. சொட்டுகளின் பளபளப்பு மெல்ல அடங்கியது. நடு வெளிறியது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு மெல்ல மெல்லக் கூடி நின்றது.

அந்தக் கோட்டை உலகத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. விரல் நீட்டித் தொட்டாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"வெள்ளை ஓரம் இருந்திருக்குமே இதுக்கு" என்றாள், திரும்பாமல். "காலண்டர்னா இருக்குமே."

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். சட்டம் உடைஞ்ச அன்னிக்கு."

"ஏன்?"

"அதுல இன்னும் ரெண்டு சொட்டு இருந்துச்சு."

சின்னவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். செய்தித்தாளில் சுற்றிய இலையை மேசையில் வைத்தாள். மேலே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூட அண்ணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் வந்து, அட்டையைப் பார்த்து, அண்ணியைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நல்லா பண்ணின போ" என்றான். ஆனால் திட்டுகிற குரலாக இல்லை. ஆறிப்போன டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் கழிவைக் கூட்ட ஆரம்பித்தான்.

சாயங்கால வெயில் மேசைக்கு வரும் நேரத்தில் சின்னவள் இறங்கி வந்தாள். அழுத முகமாக இல்லை. சண்டைக்கு வந்த முகமாக இருந்தது.

"சட்டம் உடைஞ்சது போன மாசம்."

"ஆமா."

"ஒரு மாசமா தெரிஞ்சே நான் புள்ளி வைக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருந்தீங்க."

"ஆமா."

"சொன்னா நான் என்ன ஆவேன்னு நினைச்சீங்க?"

அண்ணி கையிலிருந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அந்தாள் போனதுலருந்து எல்லாரும் இப்படித்தான் இருக்கீங்க. ஈரப் பெயிண்ட்டைச் சுத்தி நடக்கிற மாதிரி, தொட்டா ஒட்டிக்குமோன்னு விரலைச் சுருட்டிக்கிட்டு. அண்ணன் எனக்கு முன்னாடி குடும்பக் கதை பேசறதில்ல. தூசியண்ணே அந்தத் தெருவுல நிக்கிற செடியைப் பத்தி வாயே திறக்கிறதில்ல. அங்கயும் ஒரு பேங்க் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஒருத்திதான் என்கிட்ட சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன். நீங்களும் ஓரத்தை வெட்டிட்டீங்க."

"உனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு இலைதானேன்னு பயந்துட்டேன்" என்றாள் அண்ணி. "அதையும் புடுங்கணுமான்னு."

"எனக்குன்னு இருக்கிறது ஒரு இலையா?"

"இல்லையா?"

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஓரம் எவ்வளவு கறுக்கணும்னு எத்தனை துணி பாழாக்கினேன் தெரியுமா. இந்த நரம்புக்கும் புள்ளிக்கும் என்ன சம்பந்தம், இங்க மட்டும் ஏன் வருது, தண்ணி கம்மியா குடிக்கிற செடியோ, வயசான இலையோன்னு நானா ஒரு கதை வேற கட்டி வெச்சிருந்தேன்." நிமிர்ந்தாள். "அப்போ அந்தப் புள்ளி செடியோடது இல்ல."

"இல்ல."

"அப்போ என்னோடது."

"டீயோடது" என்றாள் அண்ணி.

சின்னவளின் உதடு கோணியது. அழப்போகிறாளோ என்று அண்ணி பாதி எழுந்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க. "ஊர்ல இருக்கிற அத்தனை பட்டறைக்காரனும்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, "வரிசையா உக்காந்து... பிரஷ் வெச்சு... டீ சிந்தறான் அண்ணி."

அதற்குமேல் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன், யார் அழுகிறார்கள் என்று கேட்டான்.

சிரிப்பு அடங்கிய பிறகு சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.

"போறமா?"

"ஏன் போகக்கூடாது? டீ கொட்டினது படத்துலதானே. தோட்டத்துல இல்லையே."

அண்ணி தயங்கினாள். இனி எதையும் ஓரமாக வெட்டி வைக்கக் கூடாது என்று தோன்றியது. அதனால் நேராகவே கேட்டாள். "பஸ் அந்தத் தெரு வழியாத்தான் போகும். அந்தாள் எதிர்ல வந்தா?"

சின்னவளின் முகத்தில் அந்தப் பழைய பயம் ஒரு கணம் வந்து நின்றது. அவள் அதை மறைக்கவில்லை. "வந்தா கை நடுங்கும்" என்றாள். "உங்க கையைப் புடிச்சுக்கறேன். நான் செடி பார்க்கப் போறேன். அவரைப் பார்க்கப் போகல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். தான் காவலுக்கு வருவதாக அண்ணன் சொன்னான். எதற்குக் காவல் என்று சொல்லவில்லை. செய்தித்தாளில் சுற்றிய இலை மேசையிலேயே கிடந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

பேருந்து அந்தத் தெருவில் திரும்பியபோது அவள் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நன்றாகவே வலித்தது. தெருவில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்; இரண்டு பேர் அலமாரி ஒன்றை வீட்டுக்குள் நுழைக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்; ஒரு நாய் படுத்திருந்தது. அவ்வளவுதான் தெரு. முனை தாண்டியதும் பிடி தளர்ந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

தோட்டத்து வாசலில் அண்ணன் நேராகக் காவலாளியிடம் போனான்.

"டிக்கெட் எங்க?"

"டிக்கெட் இல்லைங்க. போங்க."

"கேமரா வெச்சிருந்தா?"

"அதுக்கும் இல்ல."

"வெளிய வரும்போது?"

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிய வரும்போது நீங்க ஏதாவது குடுக்கணும்னு ஆசைப்பட்டா, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

அதை நம்ப முடியாமல் அண்ணன் வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே போகிறவர்களை ஒவ்வொருவராகக் கவனித்தான்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் வெதுவெதுப்பான ஈரம் முகத்தில் ஒட்டியது. மண்வாசனை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் வேகமாகப் போகவில்லை. வழியில் ஒவ்வொரு இலைக்கும் நின்றாள். ஓரம் கிழிந்தது, பூச்சி அரித்தது, பாதி மஞ்சளானது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிழல் விழுந்தது. "ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல அண்ணி" என்றாள். குறையாகச் சொல்கிறாளா, மெச்சுகிறாளா என்று தெரியவில்லை. "நாமதான் எல்லாத்தையும் ஒரே அச்சுல வெட்டிட்டிருக்கோம்."

யானைக்காது கடைசி மூலையில் நின்றது. ஒரு குழந்தை ஒளிந்துகொள்ளலாம், அத்தனை பெரிய இலைகள். பச்சை. வெறும் பச்சை. ஆனால் சின்னவளின் எந்தப் புட்டியிலும் இல்லாத பச்சை. வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்த இடத்தில் ஒன்றாகவும், நரம்பருகே வேறொன்றாகவும் இருந்தது.

அண்ணி இலையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் சுற்றி வந்தாள். ஒவ்வொரு இலையாக, வலப்பக்கம் நடு நரம்பருகே, பழக்கம் போகாமல் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பாவம்" என்றாள். "மொட்டையா நிக்குது."

பக்கத்து வரிசையில் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். அண்ணிக்குச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. ஆனால் சின்னவள் அதற்குள் குனிந்துவிட்டாள். தண்டோடு ஒட்டி, இறுக்கமாகச் சுருட்டிய காகிதம்போல ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் மட்டும் ஒரு விரல் அகலம் பிரிந்திருந்தது. உள்ளே இன்னும் யாரும் பார்க்காத இளம்பச்சை.

"இது என்ன?" என்று தோட்டக்காரப் பெண்ணைக் கேட்டாள்.

"புது இலை. சுருண்டுதான் வரும்."

சின்னவள் தரையிலேயே உட்கார்ந்தாள். சுருளின் மடிப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு ஏறுகிறது என்று காற்றில் விரலால் சுற்றிப் பார்த்தாள். நீல உடுப்பில் ஈர மண் அப்பியது. "கம்பியை நடுவுல வெக்காம ஓரத்துல வெச்சா வருமா அண்ணி?" என்றாள். அண்ணிக்குத் தெரியவில்லை. ஓரத்தில் வைத்து இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை.

"இது எப்போ விரியும்?" என்று சின்னவள் மறுபடி கேட்டாள்.

"ஒரு வாரம் ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் தோட்டக்காரப் பெண், குழாயை அடுத்த தொட்டிக்கு மாற்றிக்கொண்டே. "வந்து பாருங்களேன்."

"பார்க்கலாம்" என்று சின்னவளுக்காகப் பதில் சொல்லிப் பழகிய அண்ணியின் வாய் தானாகத் திறந்தது. அவள் அதை மூடிக்கொண்டாள்.

"வரேன்" என்றாள் சின்னவள். பிறகு, எழுந்திருக்காமலே, "காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டாள்.